உறுப்பினர் டேபிளை வைத்தே சாட் சேர்வருக்கு லொகின்: இளசுகள் உள்ளே, பெரியவர்கள் வெளியே

கொழுந்து_மூட்டை | ஹட்டன்

வணக்கம். ஹட்டனில் ஒரு சிக்கனக் கடன் சங்கத்துக்குக் கணினி வேலை பார்த்துக் கொடுக்கிறேன். கிளைகளெல்லாம் தோட்டப் பக்கம். கடன் விண்ணப்பம், ரசீது, கூட்ட அறிவித்தல் எல்லாமே வாட்ஸ்அப் குரூப்பில்தான் போய்க்கொண்டிருந்தது. யார் எவ்வளவு வாங்கினார், யார் தவணை கட்டவில்லை என்பது லய வீடுகள் முழுக்கத் தெரிந்து ஒரு சண்டையும் நடந்து முடிந்தபிறகு, நமக்கென்று தனியாக ஒரு சாட் வேண்டும் என்று நிர்வாகக் குழு தீர்மானம் போட்டுவிட்டது.

ஈஜாபர்டி என்ற சாட் சேர்வர் மென்பொருள் போட்டிருக்கிறேன். போனில் கான்வர்சேஷன்ஸ் என்ற சாட் செயலி. உறுப்பினர் விவரம் ஏற்கெனவே பிஎச்பி மொழியில் எழுதிய ஒரு இணையத்தளத்தின் தரவுத்தளத்தில் இருக்கிறது. அந்தக் கடவுச்சொல்லாலேயே சாட்டுக்குள்ளும் வரவேண்டும் என்பது நிபந்தனை. இன்னொன்று கொடுத்தால் துண்டுக் கடதாசியில் எழுதி போன் கவருக்குள் செருகி வைத்துக்கொள்வார்கள். யூசர்நேம் என்பது அடையாள அட்டை இலக்கம். கடவுச்சொல் பிக்ரிப்ட் ஹேஷாக, அதாவது திரும்ப எடுக்க முடியாதபடி உருமாற்றி, இருக்கிறது.

ஈஜாபர்டியின் எஸ்கியூஎல் (தரவுத்தள) லொகின் தன்னுடைய சொந்த 'யூசர்ஸ்' டேபிளைத்தான் பார்க்கிறது, பிக்ரிப்டும் அதற்குத் தெரியாது. அதனால் வெளி ஸ்கிரிப்ட் வழியாகப் போனேன். பைதனில் சின்ன ஸ்கிரிப்ட்: பெயரும் கடவுச்சொல்லும் வரும், டேபிளில் தேடும், சரி அல்லது இல்லை என்று சொல்லும். என் மடிக்கணினியில் மைஎஸ்கியூஎல் தரவுத்தளம், எல்லாம் ஒழுங்காக ஓடியது. சங்கத்துச் சேர்வரில் இருப்பது போஸ்ட்கிரெஸ் என்ற வேறொரு தரவுத்தளம். அங்கே ஏற்றியதிலிருந்து இளசுகள் உள்ளே போகிறார்கள், முப்பது தாண்டியவர்களில் அநேகம் பேருக்கு லொகின் ஆகவில்லை. ஒரே ஸ்கிரிப்ட், ஒரே டேபிள். "அவங்களுக்கு டைப் பண்ணத் தெரியல" என்று கிளைச் செயலாளர் சொல்கிறார். ஒரு அம்மாவின் போனை வாங்கி நானே அடித்துப் பார்த்தேன், அப்போதும் இல்லை. அதே கடவுச்சொல்லால் இணையத்தளத்துக்குள் போக முடிகிறது. வயதைப் பார்த்து ஆளை மறிக்கும் சேர்வரை யாராவது கண்டிருக்கிறீர்களா?


ஊவா_காற்று | பண்டாரவளை

உள்ளே போக முடியாதவர்கள் எல்லோரும் பழைய அட்டைக்காரர்களா? இலக்கத்தின் கடைசியில் வி என்ற ஆங்கில எழுத்து இருக்கிறதா? டேபிளில் அது பெரிய எழுத்திலா, சின்ன எழுத்திலா?


வெலிமடை_கிழங்கு | வெலிமடை

வாட்ஸ்அப்பில் அட்மினை மாற்றியிருந்தால் முடிந்திருக்கும் வேலைக்கு ஒரு சேர்வர், ஒரு ஸ்கிரிப்ட், ஒரு இழை. நல்லா இருங்க.


கொழுந்து_மூட்டை | ஹட்டன்

கிழங்கு, அட்மினை மாற்றித்தான் பார்த்தோம். படம் பிடித்து வெளியே அனுப்புகிறவன் குரூப்புக்குள்ளேயே இருக்கும்போது அட்மின் என்ன செய்வார்?

அக்கா, ஆமாம்! பட்டியலைப் பார்த்தேன். உள்ளே போக முடியாத எல்லோருக்கும் 9 இலக்கமும் ஒரு வியும். டேபிளில் பெரிய வி. புதிய 12 இலக்க அட்டைக்காரர்கள் எல்லோரும் உள்ளே. எப்படி இது?


ஊவா_காற்று | பண்டாரவளை

சாட் சேர்வர் நீங்கள் அடித்த பெயரை அப்படியே தரவுத்தளத்திடம் கொண்டுபோய்க் கொடுப்பதில்லை, தம்பி. எக்ஸ்எம்பிபி (ஈஜாபர்டி பேசும் சாட் முறை) முகவரியில் அட் குறிக்கு முன்னால் இருக்கும் பகுதியை முதலில் ஒரு ஒழுங்குக்குக் கொண்டுவரும். பெரிய எழுத்தையெல்லாம் சின்ன எழுத்தாக்கும், யூனிகோட் வடிவத்தை ஒருமைப்படுத்தும், ஆகாத எழுத்து இருந்தால் நிராகரிக்கும். 'ஹட்டன்காரர் பெரிய வி அடித்தாரா சின்ன வி அடித்தாரா' என்பது உங்கள் ஸ்கிரிப்டுக்குத் தெரியவே தெரியாது. அதன் கைக்கு வரும்போது எப்போதும் சின்ன வி.

மைஎஸ்கியூஎல் வழமையாகப் பயன்படுத்தும் ஒப்பீட்டு முறை பெரிய எழுத்து, சின்ன எழுத்து பார்க்காது. அதனால் உங்கள் மடிக்கணினியில் சின்ன வியும் பெரிய வியும் ஒன்றாகவே தெரிந்தன. போஸ்ட்கிரெஸ் அப்படி விட்டுக்கொடுக்காது, அதற்கு இரண்டும் வேறு வேறு. 12 இலக்கத்தில் எழுத்தே இல்லை, அதனால் இளசுகள் தப்பித்தார்கள். இணையத்தளம் ஆள் அடித்ததை அப்படியே தேடுகிறது, அதனால் அங்கேயும் பிரச்சினை தெரியவில்லை.

கியூரியில், அதாவது தரவுத்தளத்திடம் கேட்கும் கேள்வியில், இரண்டு பக்கமும் சின்ன எழுத்தாக்கும் 'லோவர்' போட்டு ஒப்பிடுங்கள். அந்த லோவர் வெளிப்பாட்டின் மேலேயே ஒரு இன்டெக்ஸும் (தேடல் அட்டவணையும்) போடுங்கள், இல்லாவிட்டால் ஒவ்வொரு லொகினுக்கும் டேபிள் முழுவதையும் புரட்டும். இன்டெக்ஸை யுனிக் ஆக, ஒரே மதிப்பு இரண்டு தரம் வரவிடாதபடி, போட்டால் இன்னும் நல்லது. ஒரே ஆள் பெரிய வியில் ஒருதரமும் சின்ன வியில் ஒருதரமும் பதிவாகியிருந்தால் அந்த இடத்திலேயே பிடிபடும்.


கொழுந்து_மூட்டை | ஹட்டன்

அக்கா, லோவர் போட்டதும் திறந்துவிட்டது. அந்த அம்மா முதல் செய்தியாக எனக்கு ஒரு ரோஜாப்பூ அனுப்பியிருக்கிறார்.

யுனிக் இன்டெக்ஸ் ஏறவில்லை. நீங்கள் சொன்ன மாதிரியே இரட்டைப் பதிவுகள். அதைவிட விசித்திரம், சில வரிகளில் இலக்கத்துக்குப் பதிலாக '2.00012ஈ+11' என்று கிடக்கிறது. ஒன்றிரண்டு இல்லை, நிறைய. இவர்கள் எல்லோரும் இளசுகள். இதுவரை யாரும் லொகின் செய்து பார்க்காததால் வெளியே வரவில்லை போல.


டிக்கோயா_மழை | டிக்கோயா

அது எக்செல் வேலை. பொது வடிவத்தில் இருக்கும் கட்டத்தில் 12 இலக்க எண்ணைப் போட்டால் அறிவியல் குறியீட்டில் காட்டும். அப்படியே சிஎஸ்வி ஆக சேமித்தால் கண்ணுக்குத் தெரிவதுதான் கோப்பில் விழும், மிச்ச இலக்கங்கள் போனது போனதுதான். கிளையிலிருந்து யாரோ உறுப்பினர் பட்டியலை எக்செலில் திறந்து, பெயரைத் திருத்தி, சேமித்து அனுப்பியிருக்கிறார்கள். பழைய அட்டை வி எழுத்தோடு இருப்பதால் எக்செல் அதை எழுத்தாகவே பார்க்கும், கை வைக்காது. இந்தத் தடவை பெரியவர்கள் தப்பித்தார்கள்.

தரவுத்தளத்துக்குள் இருந்து அதைத் திருத்த வழியில்லை. மூலப் படிவத்தை எடுத்துத்தான் அடிக்கவேண்டும். டேபிளின் அந்த நிரலை (நெடுவரிசையை) இனி எழுத்து வகையாக வைத்து, '9 இலக்கமும் வி அல்லது எக்ஸும், அல்லது வெறும் 12 இலக்கம்' என்று ஒரு செக் கட்டுப்பாடு போடுங்கள்.

இன்னொன்றும் இருக்கிறது, மச்சான். பழைய அட்டைக்காரர் அட்டையைத் தொலைத்துவிட்டுப் புதியது எடுத்தால் அதே ஆளுக்கு 12 இலக்கம் வரும். உங்கள் டேபிளில் பழையது, அவர் அடிப்பது புதியது. மாற்றுவது கஷ்டமில்லை: முதல் 5 இலக்கத்துக்கு முன்னால் 19, பின்னால் ஒரு 0, அப்புறம் மிச்ச 4 இலக்கம், எழுத்து போய்விடும். எல்லாவற்றையும் 12 இலக்கமாக்கி வைத்தால் வி பிரச்சினையே இருக்காது.


நானுஓயா_ஸ்டேஷன் | நானுஓயா

தொழில்நுட்பம் தெரிந்தவர்கள் பேசும்போது குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். நான் பத்திரம், படிவம் பார்க்கும் ஆள். அடையாள அட்டை இலக்கத்தை யூசர்நேமாக வைப்பதே தப்பு என்பது என் கட்சி.

அந்த இலக்கம் சும்மா ஒரு தொடர் எண் இல்லை. முதலில் பிறந்த வருடம், அடுத்த மூன்று இலக்கம் வருடத்தின் எத்தனையாவது நாள் என்பது, பெண் என்றால் அதோடு 500 கூட்டியிருக்கும். சாட்டில் ஒருவருடைய முகவரி குரூப்பில் இருக்கும் அத்தனை பேருக்கும் தெரியும் என்றால், அவர் பிறந்த திகதியும் ஆணா பெண்ணா என்பதும் சேர்ந்தே தெரியும். பாதிப் பேர் பிறந்த திகதியைத்தான் கடவுச்சொல்லாகவும் வைத்திருப்பார்கள். கடன் விவரம் வெளியே போகிறது என்றுதானே வாட்ஸ்அப்பை விட்டீர்கள்?

கடைசி எழுத்தும் பேசும். வி என்றால் பொதுவாக வாக்குரிமை உள்ளவர், எக்ஸ் என்றால் இல்லாதவர். 1948 பிரஜாவுரிமைச் சட்டத்தில் தொடங்கி 2003 வரைக்கும் இழுபட்டவர்கள் நாம். நம் பெரியவர் ஒருவரின் பெயருக்குப் பின்னால் அந்த எழுத்தை ஒட்டி ஊருக்குக் காட்டவேண்டுமா? சட்டப்படி பார்த்தாலும் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. சங்கத்தின் செயலாளர் அதை ஒருதரம் வாசிப்பது நல்லது.


வெலிமடை_கிழங்கு | வெலிமடை

இது நியாயமான கேள்வி. ஈமெயிலை யூசர்நேமாக வைத்தால் என்ன?


ஊவா_காற்று | பண்டாரவளை

ஸ்டேஷன் அண்ணன் சொல்வதற்கு மேல் நான் சொல்ல ஒன்றுமில்லை. இலக்கம் வேண்டாம்.

ஈமெயிலும் சரிவராது, கிழங்கு. முகவரியின் முன்பகுதிக்குள் அட் குறி வரக்கூடாது. மேற்கோள் குறிகள், முக்காற்புள்ளி, சாய்கோடு, இடைவெளி எல்லாமே ஆகாது. சுற்றிவளைத்து வேறு குறியாக மாற்றி அனுப்பும் ஏற்பாடு ஒன்று உண்டு. ஆனால் தோட்டத்து மனிதரிடம் போய் "அட் குறிக்குப் பதிலாக பின்சாய்கோடு நாற்பது அடிங்க" என்று சொல்ல எனக்கு வாய் வராது. தவிர, எத்தனை பேருக்கு ஈமெயில் இருக்கிறது? இருப்பவர்களுக்கும் போன் கடைக்காரன் திறந்து கொடுத்ததுதான்.

கிளைக் குறியீடும் உறுப்பினர் எண்ணும் சேர்த்த ஒரு பெயர் போதும். பாஸ் புத்தகத்தின் முன்பக்கத்திலேயே இருக்கும், கேட்டால் எடுத்துப் பார்த்துச் சொல்வார்கள். காட்டும் பெயராக அவரவர் பெயரைத் தமிழிலோ சிங்களத்திலோ வைத்துக்கொள்ளட்டும்.


டிக்கோயா_மழை | டிக்கோயா

யூசர்நேமையே தமிழில் வைக்க முடியாதா அக்கா? எக்ஸ்எம்பிபி யூனிகோட் முகவரியை ஏற்கிறதே.


ஊவா_காற்று | பண்டாரவளை

ஏற்கும். ஆனால் வி எழுத்தில் பட்ட அதே பாடு இன்னொரு உருவத்தில் வரும். 'கொட்டகலை' என்பதில் முதல் எழுத்தைப் பாருங்கள். ககரத்தோடு ஒகரக் குறியை ஒரே குறியாகச் சேர்த்தும் சேமிக்கலாம், எகரக் கொம்பும் காலும் என்று இரண்டு குறியாகப் பிரித்தும் சேமிக்கலாம். திரையில் வித்தியாசம் தெரியாது. சாட் சேர்வர் ஒருமைப்படுத்தி ஒரே குறியாக்கிக் கேட்கும். டேபிளில் பழைய விசைப்பலகை மென்பொருளால் அடித்த இரட்டைக் குறி கிடந்தால், பெயர் இல்லை என்று பதில் வரும். தமிழில் வைப்பதென்றால் டேபிளில் எழுதும்போதே என்எஃப்சி என்ற ஒருமைப்படுத்திய யூனிகோட் வடிவத்துக்குக் கொண்டுவந்து எழுதவேண்டும்.

கடவுச்சொல்லைத் தமிழில் வைக்கிறவர்களுக்கும் ஒன்று சொல்லிவைக்கிறேன். பிக்ரிப்ட் முதல் 72 பைட்டைத்தான் பார்க்கும். யூடிஎஃப் 8இல் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் 3 பைட், புள்ளியும் கொம்பும் காலும் தனித்தனிக் குறி. ஆக 24 குறிக்குப் பிறகு என்ன அடித்தாலும் கணக்கில் வராது. நீளமான வாசகம் வைப்பவர்கள் தமிழில் வைத்தால் பாதிக்குமேல் வீண்.


பழைய_லினக்ஸ் | கண்டி

இழையை இப்போதுதான் பார்த்தேன். எல்லோரும் ஈஜாபர்டியைப் பிடித்துத் தொங்குகிறீர்கள். இந்தத் தேவைக்கு ஓப்பன்ஃபயர் என்ற ஜாவா சாட் சேர்வர்தான் நேர்வழி. அதில் ஜேடிபிசி (ஜாவாவின் தரவுத்தள இணைப்பு) லொகின் என்று ஒன்று இருக்கிறது. உங்கள் டேபிளில் கடவுச்சொல் எடுக்கும் கியூரி எதுவோ அதை அப்படியே அமைப்பில் எழுதிக் கொடுக்கலாம், கடவுச்சொல் எந்த வகை என்றும் சொல்லலாம்: வெறும் எழுத்து, எம்டி5, ஷா வகைகள், பிக்ரிப்ட். ஸ்கிரிப்ட் எழுதும் வேலையே இல்லை.

இரண்டு பள்ளம் இருக்கிறது. ஜேடிபிசிக்கு மாற்றிய நொடியிலிருந்து பழைய 'அட்மின்' கணக்கு அந்தச் சேர்வருக்கு இல்லை, ஏனென்றால் உங்கள் உறுப்பினர் டேபிளில் அட்மின் என்று யாரும் இல்லை. மாற்றுவதற்கு முன்பே உங்கள் உறுப்பினர் பெயரை நிர்வாகிகள் பட்டியலில் சேர்த்துவிடுங்கள். மற்றது, பிஎச்பி உண்டாக்கும் பிக்ரிப்ட் ஹேஷ் 2வை என்று தொடங்கும். ஜாவா பக்கம் பரவலாகப் புழங்கும் பழைய ஜேபிக்ரிப்ட் நூலகத்துக்கு 2ஏ மட்டும்தான் தெரியும், 2வை கண்டால் 'சால்ட் பிழை' என்று எறிந்துவிடும். பிஎச்பி போட்ட ஹேஷுக்கு இரண்டும் ஒரே கணக்குத்தான், கியூரியிலேயே முன்னெழுத்தை மாற்றிக் கொடுத்தால் போய்விடும்.

பிரோசோடி என்ற இன்னொரு சேர்வரில் முயல்வதாக இருந்தால், சமூக மொட்யூலாக எஸ்கியூஎல் லொகின் ஒன்று இருக்கிறது. ஆனால் அது பழைய ஜாபர்டி2 சேர்வரின் 'ஆத்ரெக்' டேபிள் அமைப்பைத்தான் எதிர்பார்க்கும், உங்கள் டேபிளுக்கு மாற்ற வேண்டுமென்றால் லுவா கோப்பையே திருத்தவேண்டும்.


கொழுந்து_மூட்டை | ஹட்டன்

அண்ணே, சேர்வர் என்று நான் கௌரவமாகச் சொல்வது அலுவலக மூலையில் இருக்கும் ஒரு பழைய டெஸ்க்டொப். ஜாவா ஏற்றினால் அது மூச்சு வாங்கும். ஸ்கிரிப்ட் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. ஒரே ஒரு தொல்லை: காலையில் முதலில் வருகிறவருக்கு மட்டும் லொகின் ஆகாது, இரண்டாவது தடவை அடித்தால் ஆகும். தினமும். சங்கக் கிளார்க் இதற்கும் சகுனம் பார்க்கத் தொடங்கிவிட்டார்.


டிக்கோயா_மழை | டிக்கோயா

டியூஷன் வகுப்பு ஒன்றுக்கு இதே மாதிரி ஸ்கிரிப்ட் எழுதி நான் பட்டது நிறைய, கேளுங்கள்.

ஈஜாபர்டி அந்த ஸ்கிரிப்டை ஒரு தடவை எழுப்பி அப்படியே வைத்திருக்கும், ஒவ்வொரு லொகினுக்கும் புதிதாக எழுப்புவதில்லை. நீங்கள் தொடக்கத்தில் திறந்த தரவுத்தள இணைப்பு இரவெல்லாம் சும்மா கிடக்கிறது. நடுவில் ஒரு ஃபயர்வோல், ஒரு மறுதொடக்கம், எதுவோ அதை அறுத்துவிடும். மைஎஸ்கியூஎல் என்றால் சும்மா கிடக்கும் இணைப்பை 28800 வினாடியில், அதாவது 8 மணித்தியாலத்தில், தானே வெட்டிவிடும். சாயங்காலம் கடையைச் சாத்திவிட்டுக் காலையில் வந்தால் கணக்குச் சரியாக இருக்கிறதல்லவா? உங்களிடம் போஸ்ட்கிரெஸ் என்பதால் வேறு எதுவோ அறுக்கிறது. எதுவானாலும் மருந்து ஒன்றுதான்: கியூரி தோற்றால் இணைப்பைப் புதிதாகத் திறந்து இன்னொரு தடவை கேட்டுவிட்டு, அதற்குப் பிறகு 'இல்லை' சொல்லுங்கள்.

சேர்வரும் ஸ்கிரிப்டும் பேசும் முறையையும் சரிபாருங்கள். முதல் 2 பைட்டில் நீளம் வரும், அப்புறம் 'ஆத்', பெயர், சேர்வர், கடவுச்சொல் என்று முக்காற்புள்ளியால் பிரித்து வரும். அந்த நீளம் பைட் கணக்கு, எழுத்துக் கணக்கு இல்லை. பைதன் 3இல் உள்ளீட்டை எழுத்தாகப் படித்தால், தமிழ்க் கடவுச்சொல் வைத்த முதல் ஆளிலேயே கணக்குப் பிசகி, அதற்குப் பிறகு வருகிற எல்லோருக்கும் குழம்பும். பைட்டாகவே படியுங்கள். பிரிக்கும்போது மூன்று இடத்தில் மட்டும் வெட்டுங்கள். கடவுச்சொல்லுக்குள்ளேயே முக்காற்புள்ளி வைத்த ஒரு மாணவி எங்கள் வகுப்பில் இருந்தார், பாவம், அவருக்கு மட்டும் ஒருபோதும் திறக்கவில்லை.

பதில் எப்போதும் 4 பைட். அதற்கு மேல் ஒரு எழுத்துகூட ஸ்டாண்டர்ட் அவுட்டில் (ஸ்கிரிப்ட் பதில் எழுதும் வழியில்) போகக்கூடாது. சோதிப்பதற்காகப் போட்ட ஒரு பிரிண்ட் வரி போதும், சேர்வர் குழம்பிப்போக. எழுதியதும் தேங்கி நிற்காமல் போக ஃப்ளஷ் செய்யுங்கள். கியூரியில் கடவுச்சொல்லையோ பெயரையோ ஒட்டுப்போட்டு எழுதாமல், இடம்விட்டு மதிப்பைத் தனியாகக் கொடுங்கள், இல்லாவிட்டால் மேற்கோள் குறி அடித்து ஒருவர் கியூரியையே மாற்றிவிடலாம். பெயரில் மேற்கோள் வர சேர்வர் விடாது என்றாலும், உங்கள் ஸ்கிரிப்டை நாளைக்கு வேறு யாராவது வேறு எங்காவது பயன்படுத்துவார்கள்.


கொழுந்து_மூட்டை | ஹட்டன்

பிரிண்ட் வரி இல்லை. மிச்சம் எல்லாம் இருக்கிறது. திருத்துகிறேன்.

அக்கா, இன்னொரு சந்தேகம். ஸ்கிரிப்ட் வைத்ததிலிருந்து கான்வர்சேஷன்ஸ் 'பிளெயின்' முறையில்தான் லொகின் செய்கிறது. ஈஜாபர்டியின் சொந்தக் கணக்கில் 'ஸ்க்ராம்' போகிறது. ஸ்கிரிப்டோடு ஸ்க்ராம் வைக்க முடியாதா?


ஊவா_காற்று | பண்டாரவளை

முடியாது. இதுதான் இந்த வேலையின் நடுமுள்.

பிளெயினில் கடவுச்சொல் அப்படியே சேர்வருக்குப் போகும். சேர்வர் அதை ஸ்கிரிப்டிடம் கொடுக்கும், ஸ்கிரிப்ட் பிக்ரிப்டில் போட்டுப் பார்க்கும். ஸ்க்ராமில் கடவுச்சொல் போனை விட்டு வெளியே வராது. சேர்வர் ஒரு சால்ட்டும் (கடவுச்சொல்லோடு கலக்கும் சீரற்ற கோவை) சுற்று எண்ணிக்கையும் கொடுக்கும், போன் அதை வைத்துக் கணக்குப் போட்டு ஒரு விடையை அனுப்பும். அந்த விடையைச் சரிபார்க்க சேர்வரிடம் பிபிகேடிஎஃப்2 என்ற கணக்கு வழியில் உண்டாக்கிய சேமிப்புச் சாவியும் சேர்வர் சாவியும் இருக்கவேண்டும். உங்களிடம் இருப்பது பிக்ரிப்ட் ஹேஷ். ஒரே கொழுந்தில் ஒரு பேக்டரி கறுப்புத் தேயிலை போட்டது, இன்னொன்று பச்சைத் தேயிலை போட்டது. கறுப்புத் தூளைக் கொடுத்துப் பச்சைத் தூளாக்கித் தா என்றால் யாராலும் முடியாது, மறுபடி கொழுந்துதான் வேண்டும்.

அந்தக் கொழுந்து, அதாவது அசல் கடவுச்சொல், உங்கள் கைக்கு வரும் ஒரு இடம் இருக்கிறது: ஆள் இணையத்தளத்தில் லொகின் செய்யும் நேரம். பிக்ரிப்ட் சரி என்று சொன்ன அந்தக் கணத்தில் பிஎச்பி அதே கடவுச்சொல்லை ஈஜாபர்டியின் எச்டிடிபி ஏபிஐக்கு (வேறு மென்பொருள் கட்டளை அனுப்பும் வாசலுக்கு) கொடுத்து, அந்த உறுப்பினருக்குக் கணக்கு இல்லாவிட்டால் திறக்கச் சொல்லட்டும், இருந்தால் கடவுச்சொல்லை மாற்றச் சொல்லட்டும். ஈஜாபர்டி தன் டேபிளில் ஸ்க்ராம் வடிவில் எழுதிக்கொள்ளும். அதற்கு அமைப்பில் கடவுச்சொல் வடிவம் ஸ்க்ராம் என்று இருக்கவேண்டும், வெறும் எழுத்தாக விட்டுவிடாதீர்கள். அதற்குப் பிறகு லொகின் முறை எஸ்கியூஎல் மட்டும். ஸ்கிரிப்டை எடுத்து எறியுங்கள்.


பழைய_லினக்ஸ் | கண்டி

> ஸ்கிரிப்டை எடுத்து எறியுங்கள்.

இதற்கு நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். இணைப்பை மறைகுறியாக்கும் டிஎல்எஸ் கட்டாயமாக இருக்கும்போது பிளெயினால் என்ன கெட்டுவிடும்? இணையத்தளத்திலும் கடவுச்சொல் அப்படித்தானே போகிறது. ஸ்க்ராமுக்காகக் கடவுச்சொல்லை இரண்டு இடத்தில் இரண்டு வடிவத்தில் வைத்தால், நாளைக்கு ஒன்று மாறி மற்றது மாறாமல் நிற்கும். ஒரே டேபிள், ஒரே உண்மை. அதுதான் எஸ்கியூஎல் வைத்து லொகின் செய்வதன் அர்த்தமே.


ஊவா_காற்று | பண்டாரவளை

அண்ணே, ஒரே உண்மை என்பது சரி. ஆனால் ஸ்கிரிப்ட் வழியில் சாட் சேர்வரின் கையில் உறுப்பினர் டேபிளின் திறப்பு இருக்கிறது. அதே டேபிளில்தான் கடன் மிச்சமும், பிணையாளி பெயரும், வீட்டு முகவரியும். இணையத்துக்குத் திறந்துவிட்ட ஒரு பெட்டி அந்த டேபிளை நேராகத் தொடக்கூடாது என்பதுதான் என் பயம். ஸ்க்ராம் எனக்கு இரண்டாவதுதான்.

ஸ்கிரிப்டையே வைத்துக்கொள்வதென்றால் குறைந்தபட்சம் இரண்டு நிரல் மட்டும் உள்ள ஒரு வியூ (டேபிளின் ஒரு பகுதியை மட்டும் காட்டும் சன்னல்) கட்டுங்கள்: பெயர், ஹேஷ். சாட்டுக்கென்று ஒரு தனித் தரவுத்தளக் கணக்கு, அதற்கு அந்த வியூவில் படிக்கும் உரிமை மட்டும். போஸ்ட்கிரெஸில் வியூ அதன் சொந்தக்காரர் உரிமையில் ஓடும், அதனால் அந்தக் கணக்குக்கு மூல டேபிளில் எந்த உரிமையும் கொடுக்க வேண்டியதில்லை. விலகியவர், இடைநிறுத்தியவர் வராதபடி நிபந்தனையையும் வியூவுக்குள்ளேயே வைக்கலாம்.


பழைய_லினக்ஸ் | கண்டி

வியூ என்றால் சரி. அதற்கு நான் எதிரியில்லை.


டிக்கோயா_மழை | டிக்கோயா

அக்கா பக்கம் சாய இன்னொரு காரணம் இருக்கிறது. ஸ்கிரிப்ட் முறையில் தொடர்புப் பட்டியல் காலியாக இருக்குமே, கவனித்தீர்களா? ஈஜாபர்டியில் பகிர்ந்த ரோஸ்டர் (பொதுத் தொடர்புப் பட்டியல்) போட்டு 'எல்லோரும்' என்று ஒரு குழு வைத்தால் புதிதாக வருகிறவருக்கு எல்லோர் பெயரும் தானாகத் தெரியவேண்டும். ஆனால் ஸ்கிரிப்டிடம் 'யார் யார் இருக்கிறார்கள்' என்று கேட்க அந்த முறையில் வார்த்தையே கிடையாது, 'இவர் இருக்கிறாரா' என்று ஒருவரைப் பற்றித்தான் கேட்கலாம். எல்லோரும் என்ற குழு வெறுமையாக நிற்கும். எஸ்கியூஎல் முறையில் டேபிள் அதன் கையிலேயே இருப்பதால் பட்டியல் வந்துவிடும். வயதானவர்களிடம் முகவரியைக் கையால் அடித்துச் சேர்க்கச் சொல்வதைவிட இது பெரிய விஷயம்.


கொழுந்து_மூட்டை | ஹட்டன்

மழை, அதுதான் கிளைகளிலிருந்து வரும் அடுத்த முறைப்பாடு. "உள்ளே வந்துட்டேன் தம்பி, ஒருத்தரையும் காணோமே" என்று.

சரி, அக்கா சொன்ன வழியில் போகிறேன். யூசர்நேம் கிளைக் குறியீடும் உறுப்பினர் எண்ணும், சின்ன எழுத்தில் மட்டும், டேபிளிலேயே கட்டுப்பாடு போட்டாயிற்று. அடையாள அட்டை இலக்கம் சாட் பக்கம் வரவே வராது. சாட் வேண்டியவர்கள் முதலில் ஒருதரம் இணையத்தளத்துக்குள் போகவேண்டும் என்று கிளைகளில் அறிவித்தல் ஒட்டியாயிற்று. தள லொகினில் ஏபிஐ அழைப்பு, கடவுச்சொல் மாற்றும் பக்கத்திலும் அதே அழைப்பு. அந்த ஏபிஐ உள் முகவரியில் மட்டும் கேட்கும், வெளியே திறக்கவில்லை. சாட்டுக்குள்ளிருந்தே கணக்குத் திறக்கும் மொட்யூலை மூடிவிட்டேன்.

எக்செல் தின்ற இலக்கங்களைப் படிவம் பார்த்துத் திருத்திக்கொண்டிருக்கிறோம். படிவமெல்லாம் அலமாரியில் ஈரம் குடித்து ஒட்டிக்கொண்டிருக்கிறது, ஹட்டன் மழையைப் பற்றி உங்களுக்குச் சொல்லவா வேண்டும்.


பழைய_லினக்ஸ் | கண்டி

கரண்ட் போய் வந்தால் எது முதலில் எழும்புகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி குரங்கு மேல் பழி போட்ட நாடளாவிய மின்தடைக்குப் பிறகு எங்கள் பக்கம் ஒரு அலுவலகத்தில் சாட் எழும்பிவிட்டது, தரவுத்தளம் கோப்பு சரிபார்த்துக்கொண்டு நின்றது, எல்லோருக்கும் 'கடவுச்சொல் தவறு' என்று வந்தது. சனம் கடவுச்சொல்லை மாற்றப் போய்விட்டது. சேவைகளை எழுப்பும் சிஸ்டம்டியில் தரவுத்தளத்துக்குப் பிறகுதான் ஈஜாபர்டி என்று வரிசை எழுதி வையுங்கள்.


வெலிமடை_கிழங்கு | வெலிமடை

லக்சபான நீர்மின் நிலையத்துக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு கரண்ட் கட்டுக்கு ஏற்பாடு செய்யும் ஊர் உலகத்திலேயே நம் ஊர்தான்.

அது கிடக்கட்டும், சீரியஸாக ஒரு கேள்வி. சங்கத்திலிருந்து ஒருவரை நீக்கினால் சாட்டிலிருந்து உடனே போய்விடுவாரா? நீக்கியவர்தான் முதலில் குரூப்பில் கத்துவார்.


ஊவா_காற்று | பண்டாரவளை

உடனே போகமாட்டார், கிழங்கு. லொகின் சோதனை உள்ளே வரும்போது மட்டும்தான். ஏற்கெனவே உள்ளே இருப்பவரை யாரும் எழுப்பிக் கேட்பதில்லை, போன் இணைப்பு அறும்வரை இருப்பார். ஈஜாபர்டி லொகின் விவரத்தைக் கேஷிலும் (தற்காலிக நினைவிலும்) வைத்திருக்கும், வழமையாக ஒரு மணித்தியாலம். தரவுத்தளத்தில் நேராகக் கைவைத்து நீக்கினால் கேஷுக்கு அது தெரியாது.

அதனால் நீக்கும் பொத்தானும் அதே ஏபிஐ வழியாகவே போகவேண்டும்: கணக்கைத் தடைசெய்யும் கட்டளை இருக்கிறது, ஆளை வெளியே தள்ளும் கட்டளையும் இருக்கிறது. தள்ளுவதற்கு முன் தடைசெய்யுங்கள். மாறிச் செய்தால் போன் ஒரு நொடியில் தானாகத் திரும்பி உள்ளே வந்துவிடும்.


கொழுந்து_மூட்டை | ஹட்டன்

வரிசை குறித்துக்கொண்டேன். நீக்கும் பக்கத்தில் இன்றைக்கே சேர்க்கிறேன்.

கிழங்கு, ஒரு சோதனைக் கணக்கு திறந்து தருகிறேன். உள்ளே வந்து கத்திப் பாருங்கள், எவ்வளவு நேரத்தில் தள்ளுகிறது என்று பார்ப்போம்.


வெலிமடை_கிழங்கு | வெலிமடை

யூசர்நேமை அனுப்புங்கள். வி வேண்டாம்.